மூக்குவரை போன நரம்பு

ஜனவரி 12

ஒட்டடைக்குச்சிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய். செய்தி அனுப்பினால் படித்த அடையாளம் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. உன் அண்ணனை விட்டுப் பேசச் சொன்னேன். கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, "நல்லா இருக்காளாம்" என்றார். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்றேன். "கேக்கல. நானும் சொல்லல." பல் டாக்டருக்கு அடுத்தவர் வாயிலிருந்து பல்லைத்தான் பிடுங்கத் தெரியும், வார்த்தையைப் பிடுங்கத் தெரியாது. ஆகவே கடிதம். கூடவே ஆய்வகத் தட்டு ஒன்றில் கொஞ்சம் புழுவும் வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துப் போட உனக்கு மனசு வரும், புழுவை எறிய வராது.

கருத்தரங்கில் நீ செய்தது நியாயமா? நான் பேசி முடித்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "பேச்சாளர் அளந்தது தப்பு என்று தோன்றுகிறது" என்றாய். பேச்சாளராம். பத்து வருஷம் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேஜையில், ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். உன் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டால் நான் பேச்சாளரா?

அன்று நீ என்னைச் சொல்லவிடாததை இப்போது சொல்கிறேன். நம் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போல உடம்பு. தொட்டால் உணர்கிற நரம்பு அதன் இடுப்பருகே முளைத்து, தலையை நோக்கி வளர்ந்து, மூக்குக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். எல்லாப் புழுவிலும் அதே இடத்தில். என்னிடம் இருக்கிற புழுவில் அது நிற்கவில்லை. மூக்கு நுனிவரை போய், அதற்குமேல் உடம்பே இல்லை என்றானதும் கொக்கி மாதிரி வளைந்து திரும்பி வருகிறது. ஏதோ ஒரு ஜீன் கெட்டிருக்கிறது. எது என்று தெரியவில்லை. ஆனால் நரம்பை 'வளரு, வளரு' என்று துரத்துகிற அந்தப் புரதம், நாம் 'விரட்டி' என்று பெயர் வைத்தோமே, அது இந்தப் புழுவில் மிக அதிகமாக இருக்கிறது. நான் சொன்னது அவ்வளவுதான்.

இங்கே என் ஆய்வகத் தலைவி கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "உங்க நாத்தனார் சொல்றது சரின்னா நீங்க சொல்றது தப்பு. ஜூனுக்குள்ள முடிவு பண்ணுங்க." ஜூனோடு என் ஒப்பந்தமும் முடிகிறது.

உன்னிடம் விரட்டியே இல்லாத புழு ஒன்று இருக்கிறதே, அதில் கொஞ்சம் ஆண்புழு அனுப்பு. என் புழுவோடு சேர்த்து, இரண்டு குறையும் உள்ள பிள்ளைகளை எடுப்பேன். விரட்டி இல்லாததால் நரம்பு ஒழுங்காக நின்றுவிட்டால் நான் சொன்னது சரி. நிற்காவிட்டால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அதுவும் கடிதத்தில்.

டமாரம்


ஜனவரி 24

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் புழுவும் கிடைத்தன. புழு நலம்.

மேடையில் பேசுகிறவரைப் பேச்சாளர் என்றுதான் சொல்வது வழக்கம். அத்தனை பேர் முன்னால் 'டமாரம்' என்று கூப்பிட்டிருந்தால் அதற்கும் ஒரு கடிதம் வந்திருக்கும்.

செல் ஒரு புரதத்தைச் செய்வதற்கு முன்னால், அதைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியை எழுதிக்கொள்கிறது. அந்தச் செய்திகளை எண்ணினால் உற்பத்தி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தங்கள் புழுவிலும் எண்ணினேன், சாதாரணப் புழுவிலும் எண்ணினேன். இரண்டிலும் விரட்டியின் உற்பத்தி ஒரே அளவு. நீங்கள் அனுப்பிய தட்டில் மறுபடியும் எண்ணினேன். அதே அளவு. உங்களிடம் மட்டும் விரட்டி குவிந்து கிடக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது, கூரையைப் பிரித்துக்கொண்டா?

மேலும், விரட்டியே இல்லாத என் புழுவின் நரம்பு சரியான இடத்தில் போய்ச் சரியாகத்தான் நிற்கிறது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற புரதத்தின் தலையில் பழியைப் போடுகிறீர்கள்.

ஆண்புழு கேட்டிருக்கிறீர்கள். ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் ஆணாகப் பிறக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவை தாமே கருத்தரித்துத் தாமே முட்டையிட்டு, பிறந்த தட்டிலேயே இருந்துவிடுகின்றன. கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போவதில்லை. இப்போதைக்கு என்னிடம் ஆண்புழு இல்லை.

அம்மா அண்ணனிடம் பல் கட்டிக்கொள்ள வருகிறாள். மூன்று நான்கு மாதம் இருப்பாளாம். எனக்குத் தனியாக இருந்து பழக்கம்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டாலும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


பிப்ரவரி 5

நாத்தனாரே,

'தங்கள்' என்று ஆரம்பித்து 'உங்கள்' என்று இறங்கி மறுபடி 'தங்கள்' என்று ஏறியிருக்கிறாய். கோபத்தையாவது ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா?

அத்தை வந்து சேர்ந்தார்கள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்னாலேயே, "இன்னும் அந்தப் புழுவைத்தான் பாத்துட்டு இருக்கியா? அதுக்கு என்னவாம்?" என்று கேட்டார்கள்.

"நரம்பு நிக்க வேண்டிய எடத்துல நிக்கல அத்தை."

"டாக்டர்கிட்ட காட்டறதுதானே. வீட்லயே ஒருத்தன் இருக்கான்."

உன் அண்ணன் அன்றைக்கு முழுக்க என் கண்ணில் படாமல் நடமாடினார்.

இப்போது கேள். நீ எண்ணியதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நீ எண்ணியது செய்தியை. நான் அளந்தது புரதத்தையே. விரட்டியோடு ஒளிர்கிற துண்டு ஒன்றை ஒட்டவைத்து, இந்த முறை எந்தத் தட்டில் எந்தப் புழு என்று எனக்கே தெரியாதபடி பக்கத்து மேஜைக்காரரை எண் போடச் சொல்லி, அப்புறம் பார்த்தேன். சாதாரணப் புழுவின் நரம்பு நுனியில் விரட்டி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. என் புழுவில் தேடவே வேண்டாம், நுனி பல்பு மாதிரி எரிகிறது. படம் வைத்திருக்கிறேன், பார்.

தலைவி அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். பிறகு கருத்தரங்கில் நீ காட்டிய கணக்கையும் எடுத்துப் பார்த்தாள். "இதுவும் சரியா இருக்கு, அதுவும் சரியா இருக்கு. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?" என்று என்னையே கேட்டாள். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் உனக்குக் கடிதம் எழுதுகிறேன்?

முடிவு தெரியாவிட்டால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான். உன் அண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "பழைய ஊருக்கே போயிடலாம். எங்க போனாலும் ஆளுக்கு முப்பத்திரண்டு பல்லுதான்" என்கிறார். எனக்குத்தான் இந்தப் புழுவைப் பாதியில் விட்டுவிட்டு வர மனசில்லை. ராத்திரி கண்ணை மூடினால் கொக்கி கொக்கியாக வருகிறது.

நீ தனியாக இருக்கிறாயா என்று அத்தையிடம் கேட்டேன். பழக்கம்தான் என்று சொல்லச் சொன்னாய் என்று அப்படியே சொன்னார்கள்.

டமாரம்


பிப்ரவரி 14

அண்ணி அவர்களுக்கு,

படம் பார்த்தேன். பல்பு மாதிரிதான் எரிகிறது. ஆனால் எரிகிறது என்பதற்காக என் எண்ணிக்கை மாறிவிடாது.

நீங்கள் சொல்வதை அப்படியே வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் அதே அளவுதான் வருகிறது. அதை நான் எண்ணிவிட்டேன். ஆனால் தொட்டி மட்டும் நிரம்பி வழிகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒன்று, தங்கள் கண்ணை யாராவது பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கிற டாக்டர் கண் பார்க்க மாட்டார். இல்லை, தொட்டியின் வடிகால் அடைத்திருக்க வேண்டும்.

மேலே இருப்பதைக் கிண்டலுக்குத்தான் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு கப் காபி குடித்துவிட்டு வந்து படித்தால் அது கிண்டலாக இல்லை.

செய்வது குறையவில்லை, கூடவும் இல்லை. அழிப்பது நின்றிருக்கிறது. அப்படி இருந்தால் என் கணக்கும் சரி, உங்கள் படமும் சரி.

செல்லுக்குள் வேண்டாத புரதத்தை நொறுக்குவதற்கென்றே ஒரு பீப்பாய் இருக்கிறதே. அது கண்டதையெல்லாம் நொறுக்காது. முதலில் ஒருவன் வந்து, 'இது வேண்டாம்' என்று யுபிக்விட்டின் சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டு ஒட்டியதைத்தான் பீப்பாய் உள்ளே இழுத்துப் போட்டு அரைக்கும். நரம்பு தன் இடத்துக்கு வந்து சேரும்போது விரட்டியின் மேல் சீட்டு ஒட்டப்படுகிறது, விரட்டி ஒழிகிறது, நரம்பு நிற்கிறது. உங்கள் புழுவில் சீட்டு ஒட்டுகிறவன் இல்லை. விரட்டி சாகாமல் உட்கார்ந்துகொண்டு துரத்துகிறது. என் புழுவில் விரட்டியே இல்லாதபோது நரம்பு வளர்ந்தது எப்படி என்று கேட்பீர்கள். துரத்த வேறு ஆட்களும் இருப்பார்கள். அது வேறு விஷயம்.

இத்தனை நாள் நாம் நரம்பை நிறுத்துவது யார் என்று தேடிக்கொண்டிருந்தோம். யாரும் வந்து நிறுத்துவதில்லை. துரத்துகிறவனை ஒழித்தால் தானாக நிற்கிறது.

கெட்டுப்போன ஜீனைச் செய்கிற பக்கம் தேடாதீர்கள். சீட்டு ஒட்டுகிற பக்கம் தேடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 8

அடி ஒட்டடைக்குச்சி,

சீட்டு ஒட்டுகிறவன்தான். ஜீனைப் படித்துப் பார்த்தோம். நடுவில் ஒரு எழுத்து மாறி, மீதிப் பாதி புரதமே இல்லை. ஆய்வகத்தில் நான் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். தலைவி மட்டும் அசையவில்லை. "இது நல்ல யோசனை. நிரூபணம் இல்லை" என்றாள். விரட்டியையும் எடுத்துவிட்டுக் காட்டு, நரம்பு நிற்கிறதா பார்க்கலாம் என்கிறாள். ஆகக் கதை உன் ஆண்புழுவிடம்தான் வந்து நிற்கிறது.

இன்னொரு விஷயம். உன் கடிதத்தில் பிப்ரவரி 14 என்று போட்டிருக்கிறது. உறையின் மேல் தபால் முத்திரை மாதக் கடைசி. அத்தையிடம் சும்மாதான் சொன்னேன்.

"அந்த லெட்டரா? அதைப் பைல வெச்சுகிட்டே சுத்திட்டு இருந்தா. போன்ல என்கிட்டயே கேட்டா."

"என்ன கேட்டா?"

"இத போட்டா அவங்க அங்கயே இருந்துடுவாங்க. போடலன்னா ஜூன்ல திரும்பி வந்துடுவாங்க. போடட்டுமா வேண்டாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"எனக்குப் பல்லு கட்டி முடியட்டும், அப்புறம் சொல்றேன்னேன்."

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபமாக எழுதிப் பார்த்தேன், அது கோபமாக வரவில்லை. நீயும் வேறு வேலை தேடிக்கொண்டு இங்கே வந்துவிடேன் என்று எழுதினேன். பத்து வருஷம் கட்டிய ஆய்வகத்தை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது என்று அதையும் கிழித்தேன். நான் ஊரை விட்டு வந்த அன்று ரயில் நிலையத்தில் நீ என் பெட்டியை ஏற்றிவிட்டு, "தட்டையெல்லாம் யார் கழுவுவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாய். தட்டைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆண்புழு அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். நான் கேட்கவில்லை. இல்லை, கேட்கிறேன். கேட்காமல் என்ன செய்வது?

டமாரம்


மார்ச் 15

டமாரம்,

இத்துடன் ஆண்புழு இருக்கிறது. சூடு காட்டி வளர்த்தால் ஆண் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கும் என்பது உனக்கும் தெரியும். தெரிந்தே என்னிடம் கேட்டாய், தெரிந்தே நான் இல்லை என்றேன்.

அம்மா சொன்னதை நம்பாதே. அவள் சொன்னது உண்மைதான், ஆனாலும் நம்பாதே. தபால் பெட்டி நம் தெரு முனையிலேயே இருக்கிறது. அதன் முகத்தில் விழிக்காமல் இருக்கப் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். பின்தெருவில் ஒரு நாய் இருக்கிறது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. கடைசியில் நாயா தபால் பெட்டியா என்று வந்தபோது தபால் பெட்டி பரவாயில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். இதற்கெல்லாம் தாளைக் கிழித்துக்கொண்டு உட்காராதே.

தட்டுகளை நான்தான் கழுவுகிறேன்.

ஒ.


மார்ச் 22

ஒட்டடை,

பார்சல் வந்தபோது நானும் உன் அண்ணனும் வீட்டில் இல்லை. அத்தை வாங்கியிருக்கிறார்கள். தட்டைத் திறந்து பார்த்து, ஏதோ கெட்டுப்போகிற சாமான், மகள் அனுப்பியிருக்கிறாள் என்று ஃபிரீசரில் வைத்துவிட்டார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. "சின்னதா நெளிஞ்சுது, அதான் சீக்கிரம் வெச்சேன்" என்கிறார்கள். நீ அனுப்பாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உன் அம்மாவை என்ன செய்வது?

ட.


மார்ச் 28

டமாரம்,

உன் மாமியார் செய்ததற்கு என் அம்மாவைக் குறை சொல்லாதே.

மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை ஆய்வக முகவரிக்கு. உறையின் மேல் 'தின்பண்டம் அல்ல' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒ.


ஏப்ரல் 29

ஒட்டடைக்குச்சி,

உன் வீட்டு மாப்பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பெண்கள் நடுவில் இருக்க, இவர்கள் தட்டின் விளிம்பிலேயே ரோந்து போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பொறுத்தேன். எனக்கு உன் அண்ணன் பெண் பார்க்க வந்தது ஞாபகம் வந்தது. பிறகு சாப்பாட்டை நடுவில் ஒரு பொட்டளவு மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிட்டேன். பசி வந்ததும் மாப்பிள்ளைகள் நடுவுக்கு வந்தார்கள்.

பேரப்பிள்ளைகளில்தான் நமக்கு வேண்டியது கிடைக்கும், பதினாறில் ஒன்று. சீட்டு ஒட்டுகிறவனும் இல்லை, விரட்டியும் இல்லை. அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, நேற்று மதியம் நுண்ணோக்கியில் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்க்கவில்லை. கை கழுவினேன். மேஜையைத் துடைத்தேன். பக்கத்து மேஜைக்காரர், "நான் பாக்கட்டுமா?" என்றார். அவரை முறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நரம்புக்கென்று தனியாக ஒட்டிவைத்த ஒளியில், இடுப்பருகே நரம்பு பச்சையாகக் கிளம்பியது. அதோடு கூடவே நானும் நகர்த்திக்கொண்டே போனேன். கழுத்து தாண்டியது. மூக்குப் பக்கம் நெருங்க நெருங்க, இதோ தாண்டப் போகிறது, கொக்கி வரப்போகிறது என்று இன்னும் மெதுவாக நகர்த்தினேன். வழக்கமான இடத்துக்கு வந்தது. நின்றது. அதற்கப்புறம் வெறும் இருட்டு. அடுத்த புழு, அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

இந்த முறை நான் சத்தம் போடவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் போடவில்லை. தலைவிதான் என் தோளில் தட்டிவிட்டு வராந்தாவில் போய்ச் சத்தமாக மூக்குச் சிந்தினாள்.

ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வரவில்லை. இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் எழுதக் கை வரவில்லை.

கட்டுரையில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கும். ஆனால் நான் சொல்வதை நம்பி நீ கையெழுத்துப் போடக் கூடாது. வந்து உன் கண்ணால் பார்த்து எண்ணு. படம் அனுப்ப மாட்டேன்.

டமாரம்


ஜூன் 6

டமாரம்,

உன் வீட்டிலிருந்து கிளம்பி அம்மாவும் நானும் போன வாரமே பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் எதிரே இருந்தவர்கள் எல்லோரிடமும் புதுப் பல்லைக் காட்டினாள். இப்போது அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. முன்பு பாதி புரியாமல் நிம்மதியாக இருந்தேன்.

என் எண்ணிக்கையைச் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். உன் புழுக்களில் ஒன்றில் மட்டும் நரம்பு கொஞ்சம் தாண்டியிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லையா, பார்க்காத மாதிரி இருந்துவிட்டாயா என்று கேட்கப் போவதில்லை. கட்டுரையில் அதையும் சேர். மற்றபடி நின்றிருக்கிறது. நன்றாகவே நின்றிருக்கிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது உனக்குச் சொல்ல நினைத்தேன், நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.

வேலை நீண்டதற்குச் சந்தோஷம் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அண்ணனிடம் எழுதியதாகச் சொல்லிக்கொள்.

நீ போன நாளிலிருந்து உன் நாற்காலியில் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். வேறு இடம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இடம் இருந்தது. ஊருக்கு வந்ததும் பெட்டிகளை இறக்கி வைத்தேன். புதிதாகச் சேர்ந்த அம்மையார் மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டார். நம்மைவிட மூத்தவர், வேறு ஊரில் ரொம்ப நாள் வேலை பார்த்தவர். பூனை மாதிரி வருவார், பூனை மாதிரி போவார். நாலைந்து நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜை இவ்வளவு அமைதியாக இருந்தால் மனுஷி எப்படி வேலை செய்வாள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

நேற்று என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இது தப்பா எண்ணினதுன்னு தோணுது" என்றார்.

"நான் தப்பா எண்ண மாட்டேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் திருப்பி இழுத்தேன். மதியம் ஆரம்பித்தது, காவலாளி வந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் ஓயவில்லை. கீழே இறங்கும்போதும் படியில் நின்று சண்டை போட்டோம். வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சாப்பாட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல பசி.

யார் எண்ணியது சரி என்று இன்னும் முடிவாகவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

ஒட்டடைக்குச்சி